நிபந்தனையை எழுதுவது யார்? கணிப்பொறி நிரல்களின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

கணிப்பொறி என்றதும் நம் வட்டாரத்தில் இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று, அது வேலையைப் பறிக்கும். இன்னொன்று, அது பொய் சொல்லாது. முதலாவதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இரண்டாவதை யாரும் சீண்டுவதில்லை. 'கம்ப்யூட்டரே சொல்லிருச்சு' என்று வாயடைத்துப் போகிறோமே, அந்தச் 'சரி' எங்கே, யாரால் எழுதப்படுகிறது? துறைக்காரர்களே முக்கால் நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் உண்டாக்கிய கருவிதான் முன்நிபந்தனை, பின்நிபந்தனை என்கிற ஜோடி.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாவு மில்லுக்குப் போகிறோம். 'அரிசியக் காயவச்சுக் கொண்டா, கல்லு கில்லு இருக்கக்கூடாது' என்கிறார் மில்காரர். இது முன்நிபந்தனை, நம் பொறுப்பு. 'நைசா அரைச்சுத் தர்றேன்' என்பது பின்நிபந்தனை, அவர் பொறுப்பு. ஈர அரிசியைக் கொட்டிவிட்டு மாவு கட்டி தட்டிவிட்டது என்று நாம் சண்டைக்குப் போக முடியாது. காய்ந்த அரிசி ரவையாக வந்தால் அவர் சாக்குச் சொல்ல முடியாது. நிரலின் ஒவ்வொரு சிறு கூறையும், அதாவது புரோகிராம் எழுதுகிறவர்கள் 'ஃபங்ஷன்' என்று சொல்வதை, இப்படி ஒரு மில்லாகப் பார்ப்பதுதான் இதன் அடிப்படை.

1949 ஜூன் 24 அன்று கேம்பிரிட்ஜில், எட்சாக் கணிப்பொறியின் தொடக்கத்தையொட்டி நடந்த மாநாட்டில், ஆலன் டூரிங் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்தார். பெரிய நிரலைச் சரிபார்ப்பது எப்படி என்பது அவர் கேள்வி. உவமைக்கு அவர் எடுத்துக்கொண்டது சாதாரணக் கூட்டல் கணக்கு. விடையை மட்டும் கொடுத்தால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் மறுபடி போட்டாக வேண்டும். 'மனசில் ஒன்று' என்று பள்ளியில் சொல்வோமே, அடுத்த பத்திக்கு எடுத்துப்போகிற அந்த இலக்கங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே சோதித்துவிடலாம். அதுபோல நிரல் எழுதுபவர் இடையிடையே 'இந்த இடத்துக்கு வரும்போது இன்னது உண்மையாக இருக்கும்' என்ற கூற்றுகளை எழுதித் தர வேண்டும். எழுதுபவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்பது இதில் கவனிக்க வேண்டிய சங்கதி. தன் உள்மனத்தில் இருப்பதை இன்னொருவர் கேள்வி கேட்கக்கூடிய வடிவத்தில் வெளியே வைக்க வேண்டும் என்பதே டூரிங்கின் கோரிக்கை. கட்டுரையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தட்டச்சுப் பிழைகள் மலிந்த அந்தப் பிரதி 1984-ல்தான் திருத்தி மறுபதிப்பானது. பிழை பார்ப்பது பற்றிய கட்டுரைக்கே இந்தக் கதி!

1967-ல் ராபர்ட் ஃபிளாய்டு ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1969-ல் டோனி ஹோர் அதை ஒரு தர்க்க அமைப்பாகவே ஆக்கினார். ஹோர் அப்போது பெல்ஃபாஸ்டில் பேராசிரியர். பிறந்தது 1934-ல் கொழும்பில். தந்தை காலனி அரசின் அதிகாரி, தாய் ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் மகள். துரைமாரும் கங்காணிமாரும் எழுதிய ஒப்பந்தங்களை நம் மலையக மக்கள் அறிவார்கள். இதிலிருந்து எந்த முடிவுக்கும் தாவிவிட வேண்டாம், ஞாபகத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஹோரின் சூத்திரம் சொல்வது இதுதான்: முன்நிபந்தனை உண்மையாக இருக்கையில் நிரல் தொடங்கி, ஓடி முடிந்தால், பின்நிபந்தனை உண்மையாக இருக்கும். இதில் 'முடிந்தால்' என்ற சொல்லில்தான் சூட்சுமம். முடியவே முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நிரல், இந்தத் தர்க்கப்படி, எந்த வாக்குறுதியையும் மீறுவதில்லை. 'மனு பரிசீலனையில் இருக்கிறது' என்ற பதிலை வருஷக்கணக்கில் கேட்டவர்களுக்கு இது புரியும். அதேபோல, யாராலும் நிறைவேற்ற முடியாத முன்நிபந்தனையை எழுதி வைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம், தர்க்கம் தடுக்காது. நிரல் முடிகிறது என்பதைத் தனியே நிறுவ வேண்டும் என்று ஹோரே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். டூரிங் 1949-லேயே அதைக் கேட்டிருந்தார். 1975-ல் டைக்ஸ்ட்ரா கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். நிரல் கட்டாயம் முடிந்து, வாக்களித்ததைத் தர வேண்டுமானால், வருகிறவரிடம் கேட்டாக வேண்டிய ஆகக் குறைந்த நிபந்தனை எது? அதற்கு மேல் ஒரு துளி கேட்டாலும் அது வீண் கெடுபிடி.

சரி, நிபந்தனையைச் சரியாக எழுதுவது அவ்வளவு சுலபமா? பெயர்ப் பட்டியல் ஒன்றை அகர வரிசைப்படுத்தும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். அதற்கு என்ன பின்நிபந்தனை எழுதுவீர்கள்? 'விடை அகர வரிசையில் இருக்க வேண்டும்.' யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இப்போது ஒரு நிரல், வந்த பெயர்களையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு வெற்றுப் பட்டியலை நீட்டுகிறது. வெற்றுப் பட்டியலில் வரிசை தப்பிய பெயர் ஒன்றுகூடக் கிடையாதே! நிபந்தனை கச்சிதமாக நிறைவேறிவிட்டது. 'எண்ணிக்கை குறையக்கூடாது' என்று சேர்த்துப் பாருங்கள். முதல் பெயரையே நூறு தடவை எழுதித் தந்துவிடும், அதுவும் வரிசைதான். கடைசியில் இப்படி எழுத வேண்டியிருக்கிறது: வந்த ஒவ்வொரு பெயரும், எத்தனை முறை வந்ததோ அத்தனை முறை இருக்க வேண்டும், வராத பெயர் எதுவும் நுழையக்கூடாது. மில்காரர் பஞ்சு போல அரைத்துக் கொடுத்தார், சரி. பாதி அரிசி எங்கே போச்சு?

இந்த இரண்டாவது பாதியை ஏன் எல்லாரும் மறக்கிறோம்? 'அதெல்லாம் சொல்லணுமா என்ன?' என்று விட்டுவிடுகிறோம். வரிசை கண்ணில் படுகிறது, விடுபட்டவர்கள் படுவதில்லை. 'இயல்பானது', 'வெளிப்படையானது' என்று எழுதாமல் விடப்படுகிற இடத்தில்தான் பிழை குடியிருக்கிறது.

எண்பதுகளில் பெர்ட்ரான் மேயர் இந்த ஜோடிக்கு 'ஒப்பந்தம்' என்று பெயர் சூட்டினார். 'ஐஃபல்' என்ற அவருடைய மொழியில் நிபந்தனைகளை நிரலுக்குள்ளேயே எழுதலாம், ஓடும்போது இயந்திரமே சோதிக்கும். 'ஒப்பந்தவழி வடிவமைப்பு' என்ற தொடரை அவருடைய நிறுவனம் வணிகக்குறியாகவும் பதிவு செய்துகொண்டது. ஒப்பந்தம் என்ற சொல் இரண்டு சமமான ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதாக ஒரு சித்திரத்தைக் கட்டமைக்கிறது. அது தாராளவாதத்தின் பழைய சித்திரம். ஆனாலும் மேயரிடம் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. ஒரு கூறு தன் வேலையை உள்குத்தகைக்கு விட்டால், ஏற்பவர் முன்நிபந்தனையைத் தளர்த்தலாம், கூட்டக்கூடாது. பின்நிபந்தனையைக் கூட்டலாம், குறைக்கக்கூடாது. மனிதர்களின் உலகில் காண்ட்ராக்டும் சப்-காண்ட்ராக்டும் இறங்க இறங்க எந்தத் திசையில் போகிறது என்று தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவில் உள்ள கூருவிலிருந்து 'ஆரியான் 5' ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பி, 40 விநாடியில் சிதறியது. அறிவியல் செயற்கைக்கோள்கள் நான்கும் போயின. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் மாற்றும் இடத்தில், அது 32,767-ஐத் தாண்டியது. அந்த நிரல் பகுதி முந்தைய ஆரியான் 4-லிருந்து அப்படியே எடுத்துவரப்பட்டது. ஆரியான் 4-ன் பறக்கும் பாதையில் அந்த எண் எல்லை மீற வாய்ப்பில்லை. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் கணிசமாக அதிகம். ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்புப் போட்டு, மூன்றை வேண்டுமென்றே விட்டிருந்தார்கள், கணிப்பொறியின் பளு 80 சதத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக. மாற்று ஏற்பாடாக இருந்த இரண்டாவது கருவியும் அதே நிரலை ஓட்டியதால் அதே காரணத்தால் செத்தது. இதைவிடக் கொடுமை, அந்த நிரல் பகுதிக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு ஆரியான் 5-ல் வேலையே இல்லை.

விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தால் ஒன்று உறைக்கிறது. இது யாருக்கும் தெரியாத நிபந்தனை அல்ல. 'இந்த எண் இவ்வளவுக்கு மேல் போகாது' என்று பல மட்டத்து ஒப்பந்தக்காரர்கள் கூடி ஒப்புக்கொண்ட அனுமானம் அது. ஆனால் நிரலுக்குள் அதற்கான காரணம் எழுதப்படவில்லை, ஆவணக் குவியலுக்குள் புதைந்து கிடந்தது. 1997 ஜனவரியில் மேயரும் ழெஸெகெலும், நிபந்தனையை நிரலிலேயே எழுதியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று எழுதினார்கள். புதிய பாதையை வைத்துச் சோதித்தே பார்க்காதபோது எழுதி என்ன பயன் என்று மறுப்பும் வந்தது. மறுப்பில் நியாயம் இருக்கிறது. எழுதுவது மட்டும் போதாது, படிக்க டூரிங் சொன்ன அந்த இன்னொரு ஆள் வேண்டும்.

ராக்கெட்டில் ஆள் இல்லை. பிரிட்டிஷ் தபால் அலுவலகங்களில் இருந்தார்கள். கணிப்பொறி தரும் சான்றை நீதிமன்றம் ஏற்க, அது ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது 1984-ம் வருஷச் சட்டத்தின் 69-ம் பிரிவு. அசல் முன்நிபந்தனை! 1999-ல் இயற்றிய சட்டம் அதை நீக்கியது. அதன்பின், மறுத்துக் காட்டும்வரை கணிப்பொறி சரியாகவே இயங்கியது என்பதுதான் அனுமானம். 'ஹொரைசன்' என்ற கணக்கு நிரல் தபால் கிளைகளுக்கு வந்ததும் அதே காலத்தில்தான். திரையில் பணம் குறைந்தது. தன் கவனக்குறைவால் வரும் நஷ்டத்துக்குக் கிளையை நடத்துபவர் பொறுப்பு என்றிருந்த ஒப்பந்தத்தை, எந்தக் குறைவுக்கும் அவரே பொறுப்பு என்று நிர்வாகம் வாசித்தது. நிரலுக்குள் என்ன நடந்தது என்று காட்ட அவர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். நிரலில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் ஒரு சட்டம் அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள். அந்தச் சட்டத்தோடு 69-ம் பிரிவு திரும்பி வரவில்லை.