தகட்டின் வளைவும் செம்பவாங் துறையும்

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர் என்பர். எனினும் அவ்வூரை உலகறியச் செய்தது இரும்பேயாகும். 1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் அங்குத் திறக்கப்பெற்ற கப்பல் செப்பனிடும் துறை ஏறத்தாழ 1,000 அடி நீளமுடையது. அக்கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர்.

கப்பல் செப்பனிடும் துறை எதுவாயினும் அங்கு நாள்தோறும் எழும் வினா ஒன்றுண்டு. வளைந்த பகுதி ஒன்றைச் செய்தற்குத் தட்டையான தகட்டை எந்நீளத்திற்கு வெட்டுவது? தகட்டை மடக்குங்கால் அதன் புறப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நீளாமலும் சுருங்காமலும் நிற்கும் கோட்டினை நடுநிலைக் கோடு என்பர். அதன் நீளமே வளைவிற்கு ஒதுக்க வேண்டிய நீளம்.

எளிதாகத் தோன்றும் இக்கோடு பேரறிஞரையும் வழுக்கச் செய்தது. 1638இல் கலிலியோ, வளையும் உத்தரம் தன் அடிவிளிம்பைப் பற்றிக்கொண்டே திரும்புகிறது எனக் கொண்டார். ஒரு நூற்றாண்டிற்கும் மேலான பின்னர், 1773இல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் அக்கோட்டை உத்தரத்தின் உள்ளே உரிய இடத்தில் வைத்துக் காட்டினார்.

பட்டறைத் தொழிலாளர் இந்நூல்களை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. கப்பல் கட்டும் தளங்களில் பரந்த மரத்தளம் ஒன்று இருக்கும். கப்பலின் வடிவத்தை அதன் முழு அளவிலேயே அத்தரையில் வரைந்து, கோட்டின்மேல் மெல்லிய மரச்சட்டங்களை வளைத்து வைத்து, பின் அவற்றை நிமிர்த்தித் தகட்டின் நீளத்தைக் கண்டனர். கணக்கு ஏட்டில் இல்லை, தரையில் இருந்தது! முழங்காலிட்டுச் செய்த கணிதம் அது.

1968 சனவரியில் பிரிட்டன் தன் படைகளை விரைந்து விலக்கிக்கொள்ள முடிவு செய்தது. நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படைத்தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. தொழிலாளர் குடும்பங்கள் கலங்கின. அவ்வாண்டு டிசம்பரில் துறை செம்பவாங் கப்பல் பட்டறை என்னும் நிறுவனமாய் மாறியது. பிரிட்டனின் சுவான் ஹண்டர் நிறுவனம் மேலாண்மையை ஏற்றது. போர்க்கப்பல் பார்த்த கைகள் வணிகக் கப்பலைப் பார்க்கத் தொடங்கின.

அதே பத்தாண்டில், நார்வே நாட்டில் உருவான ஆட்டோகான் என்னும் கணிப்பொறி முறை, மரத்தளத்தின் வேலையை எண்களாக மாற்றிக்கொண்டிருந்தது. 1987இல் ப்ரோ இன்ஜினியர், 1995இல் சாலிட்வொர்க்ஸ் என வரைகலை மென்பொருள்கள் அடுத்தடுத்து வந்தன. இன்று வடிவத்தைத் திரையில் வரைந்தால் விரித்த தகட்டின் அளவைக் கணினியே தருகிறது.

ஆயினும் அதற்கு ஓர் எண்ணை மனிதன் ஊட்ட வேண்டும். கப்பலின் உடற்தகடு போல் அகன்று வளைவதாயின் நடுநிலைக் கோடு தடிமனின் சரிபாதியில் நிற்கும். குழாய்ப் பெட்டி, தாங்கி போன்றவற்றில் இறுக மடக்குங்கால் அது உட்புறமாய் நகர்கிறது. 5 மில்லிமீட்டர் தகட்டை 10 மில்லிமீட்டர் உள் ஆரத்தில் செங்கோணமாய் மடக்குவதாகக் கொள்வோம். கோட்டின் இடம் தடிமனில் 0.5 பங்கு எனில் வளைவின் நீளம் 19.63, 0.4 எனில் 18.85. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரும் இல்லை. பத்து மடிப்புள்ள பெட்டியில் அதுவே ஏறத்தாழ 8 மில்லிமீட்டராகித் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா.

அவ்வெண் தகட்டிற்குத் தகடு, அச்சிற்கு அச்சு மாறுவது. எனவே பட்டறையில் இன்றும் ஒரு துண்டுத் தகட்டை வெட்டி அளக்கின்றனர். மடக்கி மீண்டும் அளக்கின்றனர். கிடைத்ததைக் கணினியில் பதிகின்றனர்.