உப்பளக் கரையில் நன்னீர்

புத்தளம் என்னும் பெயர் 'புது அளம்' என்பதன் திரிபு என்பர். அளம் என்பது உப்பு விளையும் இடம். களப்பு நீரைப் பாத்திகளிற் கட்டி, வெயிலுக்குக் கொடுத்து, நீரைப் போக்கி உப்பைக் கொள்வது இக்கரையின் பழந்தொழில். உப்பை நீக்கி நீரைக் கொள்வதெப்படி என்பது இக்கரையின் பழங்கவலை. தொழிலைப் பற்றிப் பேசுவோர் பலர். கவலையைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

புத்தளத்துக்கு மேற்கே, வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணற்றரை. அதனூடே ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் அம்மணலிற் சில முழம் தோண்டினால் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. இரு மருங்கும் உவர் சூழ்ந்த நிலத்தில் நன்னீர் எவ்வாறு வந்தது? கடல்நீரை மணல் வடித்து இனிப்பாக்குகிறது என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பிழையானது. மணல் சேற்றைத் தடுக்கும். நீரிற் கரைந்த உப்பைத் தடுக்காது. கிணற்றில் ஊறுவது கடல்நீர் அன்று, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து மணலுள் இறங்கிய மழைநீரே. அது கடல்நீரினும் இலேசானது. ஆதலால் கீழுள்ள உவர்நீரின் மேல், நடுவிற் பருத்தும் ஓரத்தில் மெலிந்தும் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது.

இவ்வுண்மையைக் கணக்கிட்டுக் கூறியவர் ஓர் ஒல்லாந்தர் என்பது சுவையான செய்தி. கற்பிட்டியில் 1667 ஆம் ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கியவர்களும் ஒல்லாந்தரே. களப்பின் வாயைக் காவல் செய்த அக்கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. (இலங்கையின் ஊர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1834இல் நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்த ஊரும் அதுவே.) அக்கோட்டையைக் கட்டியோரின் தாய்நாடும் கடலோர மணற்குன்றுகளை உடையது. அந்நாட்டின் தலைநகராகிய அம்ஸ்டர்டாம் 1853 முதல் அக்குன்றுகளினின்றே குடிநீர் பெற்றது. பாடொன் கெய்பன் என்னும் படைப் பொறியியலாளர் 1888–89இல் அந்நீரின் நிலையை ஆராய்ந்தார். ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் செருமானியர் வடகடல் தீவுகளைக் கொண்டு 1901இல் அதே முடிவுக்கு வந்தார். நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட விதி.

இவ்விதி கேட்க இனிது. இதன் மறுபக்கம் கொடிது. மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழுள்ள உவர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். அம்ஸ்டர்டாம் மாநகரம் இப்பாடத்தைப் பட்டே அறிந்தது. மக்கள் பெருகப் பெருக மணற்குன்றின் நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தார்கள். கீழிருந்து உவர் ஏறியது. முடிவில் 1957இல் ரைன் ஆற்று நீரைக் குழாய்வழிக் கொணர்ந்து, குன்றுகளின் மணலுள் இறக்கி, குறைந்த நன்னீரை மீண்டும் நிரப்பத் தொடங்கினார்கள். கற்பிட்டிக்கோ ரைன் போன்றதோர் ஆறு அருகில் இல்லை.

இனி, நீரைத் தூய்மை செய்யும் முறைக்கு வருவோம். தமிழர் வீடுகளிற் பழங்காலந்தொட்டு வழங்கிய முறை தேற்றாங்கொட்டை. குடத்தின் உட்புறத்தே அதனை இழைத்துக் கலங்கல் நீரை வார்த்து வைத்தால், சிறிது பொழுதில் சேறு அடியிற் படிந்துவிடும். படிகாரமும் அவ்வேலையைச் செய்யும். நீரை ஆறாத கலங்கலாய் வைத்திருப்பவை மிக நுண்ணிய களிமண் துகள்கள். அவை யாவும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை; ஆகவே ஒன்றையொன்று தள்ளி, சேரவும் மாட்டாமல் அமிழவும் மாட்டாமல் மிதக்கின்றன. படிகாரம் அவ்வேற்றத்தைத் தணித்து, பஞ்சு போன்ற திரளைகளை உண்டாக்கும். துகள்கள் அத்திரளைகளில் ஒட்டிப் பாரமாகி அடியில் அமிழும். இன்று ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் பெருநிலையங்களில் முதலில் நடைபெறுவதும் இதுவேயாகும். குடத்துக்குப் பதில் தொட்டி, கைக்குப் பதில் இயந்திரம், அவ்வளவே வேறுபாடு.

எனினும் தெளிந்த நீர் யாவும் தூய நீர் அன்று. இதனை மனிதகுலம் பெருவிலை கொடுத்தே கற்றது. இலண்டனில் 1829இல் செல்சி நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்சன் மணல் வடிகட்டியை அமைத்தபோது, அவர் கருத்தில் இருந்தது அழுக்கேயன்றிக் கிருமி அன்று. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்தில் நிறுவப்படவில்லை. அந்நகரில் 1854இல் வாந்திபேதி பரவியபோது, ஒரு தெருக்குழாயின் நீரே அதற்கு ஊற்று என்று ஜோன் சினோ என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். பிறகு 1884இல் ரொபேட் கோக் கல்கத்தாவில் அந்நோயின் கிருமியைப் பிரித்தறிந்தார்.

ஐயத்துக்கு இடமின்றி வழக்குத் தீர்ந்தது 1892இல். செருமனியில் எல்ப ஆற்றங்கரையில் ஹம்பேர்க், அல்ற்றோனா என இரு நகரங்கள் ஒட்டிக் கிடந்தன. ஹம்பேர்க் ஆற்று நீரை வடிகட்டாமற் குடித்தது. அல்ற்றோனாவோ அதற்குக் கீழ்நீரில் இருந்தது. ஹம்பேர்க்கின் கழிவு கலந்த நீரே அதற்குக் கிடைத்தது. ஆனால் அது மணலில் வடிகட்டிக் குடித்தது. அவ்வாண்டு வந்த வாந்திபேதியில் ஹம்பேர்க்கில் 8,000 பேருக்கு மேல் மாண்டனர். அல்ற்றோனா பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவில் நோய் ஒருபக்கத்து வீடுகளிற் புகுந்து, எதிர்ப்பக்கத்து வீடுகளை விட்டு நீங்கியது. அவ்விரு பக்கங்களையும் பிரித்தது மணற்படுக்கை ஒன்றே.

அம்மணல் செய்த வேலை யாது? நீர் மணிக்கு ஒரு சாணளவே இறங்குமாறு விடப்படும் அவ்வடிகட்டியின் மேற்பரப்பில், சில நாட்களிற் பாசி போன்றதொரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது நுண்ணுயிர்களால் ஆன படலம். நோய்க்கிருமிகள் அதிற் சிக்கி இரையாகின்றன. உயிரைக் கொண்டே உயிரை அடக்கும் உபாயம் என்று இதனைக் கூறலாம். சென்னையிற் கீழ்ப்பாக்கத்து நீர்நிலையத்தில் 1914இல் அமைத்தவை இவ்வகை வடிகட்டிகளே. காலம் செல்ல, இதனினும் பன்மடங்கு விரைவாக நீர் இறங்கும் வடிகட்டிகள் வந்தன. விரைவு வந்ததும் அப்படலம் உண்டாக வழியில்லை. ஆகவே கிருமியைக் கொல்லும் வேலை குளோரீனைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் மெயிட்ஸ்டன் நகரில் 1897இல் நெருப்புக் காய்ச்சல் பரவியபோது வெளிற்றும் தூளைக் கொண்டு குழாய்களைத் தூய்மை செய்தனர். அமெரிக்காவில் ஜேர்சி நகரம் 1908 முதல் அதனை நாள்தோறும் குடிநீரிற் கலந்தது. குளோரீனின் சிறப்பு, நிலையத்தோடு அதன் காவல் முடிந்துவிடாமையே. சிறிதளவு மிஞ்சி நின்று, குழாய்வழியிற் புகும் கிருமிகளையும் அது அடக்கும். குழாய் நீரின் மணத்தைச் சிலர் குறை கூறுவர். அம்மணமே காவலன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

கொழும்பு மாநகருக்கு 1886இலேயே லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது. வடமேற்குக் கரையின் ஊர்கள் கிணறுகளை நம்பி நெடுங்காலம் கழித்தன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இல் தன் பணியைத் தொடங்கியது. வவுனியா, மன்னார், புத்தளம், சிலாபம் ஆகிய நான்கு நகரங்களின் குடிநீருக்காக ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2008இல் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி சிலாபத்துக்குத் தெதுரு ஓயாவும் புத்தளத்துக்குக் கலா ஓயாவும் நீர்மூலங்களாயின. கலா ஓயா என்பது, ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவாவியைக் கட்டி மறித்த அதே ஆறு. வயலுக்காக அரசன் மறித்த நீர், வழியிற் பல குளங்களையும் வயல்களையும் கண்டு, கலங்கிக் களப்பை வந்தடைகிறது. அதனைக் குடிநீராக்கப் படிகாரமும் மணலும் குளோரீனும் போதும்.

ஆனால் குடாநாட்டுக் கிணற்று நீருக்கு அவை போதா. அங்குள்ள மணல், வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் தோட்டமண். கையால் இறைத்த காலத்தில் கிணறு தன் குறையைத் தானே நிரப்பிக்கொள்ள அவகாசம் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வவகாசம் குறுகிற்று. விளைவு பெருக்க இட்ட இரசாயன உரத்தில் ஒரு பகுதி நைத்திரேற்றாகி, பாய்ச்சிய நீரோடு மணலூடு இறங்கி, குடிக்கும் கிணற்றையே சேர்ந்தது. தோட்ட நிலத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கத்தக்க அளவை மீறியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் கண்டு எழுதினர்.

இந்நிலையில் 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 70,000 பேருக்கு மேற்பட்ட அம்மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். உடுத்த உடையோடு வந்தோரைக் கரையூர்கள் ஏற்றுக்கொண்டன, நீரையும் பகிர்ந்துகொண்டன. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய கிணறு பல குடும்பங்களுக்கு ஊற்றாயிற்று. நெருங்கிய குடில்களின் நடுவே மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி குறைந்தது. அக்குழிகளிலிருந்து கிருமியும் நைத்திரேற்றும் ஒருங்கே மணலுள் இறங்கின. நெடுநாள் கழித்து, உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் அம்மக்களுக்கு வீட்டோடு குடிநீர், மலசலகூட வசதிகளும் சேர்க்கப்பட்டன.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. உலக சுகாதார நிறுவனம் அதற்கு இட்ட எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். வளர்ந்தோருக்கு அது உடனே தீங்கு காட்டாது. ஆறு திங்கள் நிரம்பாத, புட்டிப்பால் உண்ணும் குழந்தைகளுக்கோ அது குருதியின் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யவல்லது. தேற்றாங்கொட்டை அதனைப் படியவைக்காது, மணல் தடுக்காது, குளோரீன் அழிக்காது. சாதாரண நிலையங்களில் இல்லாத, செலவு மிக்க தனிக்கருவிகளே அதனைப் பிரிக்கும். கிணற்று நீரைக் கொதிக்கவைத்துப் பால்மா கரைக்கும் தாய் கிருமியைக் கொன்றுவிடுகிறாள். ஆனால் கேத்தலிலிருந்து ஆவி போகப் போக, எஞ்சிய நீரில் நைத்திரேற்றின் செறிவு கூடுகிறது. அக்குழந்தைக்கு வேண்டிய நீர், சோதித்து அறிந்த வேறொரு கிணற்றிலிருந்தோ, ஆற்றுநீர் வரும் குழாயிலிருந்தோ வந்தாக வேண்டும்.