சேலை கட்டிய ஹாஸ்யம்

திருமலை யாத்திரிகர்கள் ரயிலடியிலிருந்து நேரே மலையேறித் தரிசனம் முடித்து, லட்டுப் பையோடு நேரே ஊர் திரும்பிவிடுகிறபடியால், மே மாதத்தில் ஒரு வார காலம் கீழ்த் திருப்பதியின் தெருக்களில் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் சேலை கட்டி, பூ முடித்து, கை நிறைய வளையல் அடுக்கிக்கொண்டு நடமாடும் விசேஷத்தை அவர்களில் வெகு சிலரே கண்டிருப்பார்கள். தாதய்யகுண்டை கங்கம்மாவின் ஜாத்திரை அது. ஏழுமலையானின் தங்கை என்று ஊரார் கொண்டாடுகிற அந்த அம்மனுக்கு, பிறந்த வீட்டுச் சீராகப் புடவையும் மஞ்சள் குங்குமமும் அண்ணன் கோயிலிலிருந்து வருவது சம்பிரதாயம்.

ஜாத்திரையின் கதை சுருக்கமானது. அந்தப் பிரதேசத்தை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் கண்ணில் பட்ட கன்னியரையெல்லாம் கெடுத்து வந்தான். திருப்பதியை அடுத்த அவிலாலா கிராமத்தில் வளர்ந்த கங்கம்மாவின் மேலும் அவன் கை வைக்கத் துணிந்தபோது, அவள் தன் விசுவரூபத்தைக் காட்ட, பயந்து ஓடி எங்கோ ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேஷம் பூண்டு ஊரைச் சுற்றினாள். பைராகி, பண்ட, தோட்டி என்று வேஷங்கள் மாறி, கடைசியில் 'தொர' என்கிற துரை வேஷத்தில் அவள் வந்தபோது, பெரிய துரையே வந்துவிட்டார் என்று நம்பி மரியாதை செய்ய வெளியே வந்த பாளையக்காரனின் தலை உருண்டது. அதற்கு மறுநாள் மாதங்கி வேஷத்தில் போய், தாலியிழந்த அவன் மனைவிக்கு அவளே ஆறுதல் சொன்னாள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அம்மனின் வேஷங்களைத் தாங்கும் உரிமை கைகால என்று தெலுங்கிலும் கைக்கோளர் என்று தமிழிலும் வழங்கும் நெசவாளர் குலத்துக் குடும்பத்தாருக்கு உரியது. மற்ற ஜனங்களோ ஒரு நாள் உடம்பெங்கும் குங்குமம் பூசியும், ஒரு நாள் கரியைப் பூசி வேப்பிலை கட்டியும் வேண்டுதல் செலுத்துகிறார்கள். அந்த நாட்களில் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் வீதியில் உரக்கச் சொல்வதும் அனுமதிக்கப்பட்டதே. ஒளிந்திருக்கும் பாளையக்காரனுக்கு ரோஷம் மூட்டி வெளியே இழுப்பதற்காக அம்மன் இப்படித்தான் ஏசினாளாம்.

இந்தக் கதையை இவ்வளவு விஸ்தாரமாக நான் சொல்வதற்குக் காரணம் தொலைக்காட்சி.

ஆண் பெண் வேஷம் போட்டு ஜனங்களைச் சிரிக்க வைப்பது என்பது சித்தூர் சீமைக்குத் தொலைக்காட்சி கொண்டுவந்த புதுமையன்று. கோடையில் தர்மராஜர் கோயில்களிலும் திரௌபதியம்மன் கோயில்களிலும் பாரதம் நடக்கும்; பகலில் பாரதக் கதை, இரவில் விடிய விடியக் கூத்து. நகரி, புத்தூர்ப் பக்கத்து ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்தன. திரௌபதியாக வருபவன் ஆண். ஆனால் துகிலுரியும் கட்டத்தில் அவன் கதறும்போது, எதிரே உட்கார்ந்திருந்த கிழவிகள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்களேயன்றி, அவனது குரல் கட்டையாயிருக்கிறதென்று ஒருவரும் சிரித்ததில்லை. சிரிப்புக்கென்று கட்டியக்காரன் தனியே இருந்தான். கீசக வதத்தன்றுதான் அந்தச் சிரிப்பும் பெண் வேஷமும் ஒன்றாய்க் கலக்கும்: சைரந்திரியைத் தொட வந்த கீசகனுக்காக, முக்காடிட்டுப் படுத்திருப்பவன் பீமன்; காமாந்தகாரத்தில் அந்த மலைபோன்ற தோளைத் தடவிக் கீசகன் வர்ணிக்க வர்ணிக்க, கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு முழுவதும் கீசகன் தலையில்தான் விழுந்தது. சேலையோ அவனுக்கு வைத்த பொறி. பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் 1885ல் சுரபி நாடகக் குழுவினர் முதன்முதலில் ஆடியதும், 1910களின் கடைசி ஆண்டுகளில் வேலூர்க்காரரான நடராஜ முதலியார் தென்னாட்டின் முதல் மௌனப் படமாக எடுத்ததும் இதே கீசக வதமாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பழமையில் எல்லாம் புனிதமாகவே இருந்தது என்று சாதிக்க நான் வரவில்லை. கட்டியக்காரனின் வாய் சுத்தமானதன்று. மாமியார், மருமகள், விதவை, தாசி என்று அவன் விட்டுவைத்தவர்கள் இல்லை. ஜாத்திரையின் வசைகளிலும் பாளையக்காரனுக்கென்று கிளம்பிய வார்த்தை வழி தவறிப் பெண்ணுடம்பில் போய் முடிவதுண்டு. ஆனால் கட்டியக்காரனின் ஹாஸ்யத்துக்கு ஆயுள் ஒரு ராத்திரிதான். ஒரு பரிகாசத்தைக் கேட்டு முன்வரிசைப் பெரியம்மா ஒருத்தி முகம் சுளித்து எழுந்து போனால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதைக் கண்ட கட்டியக்காரன் அடுத்த ஊரில் அந்தப் பரிகாசத்தை மாற்றிவிடுவான். மாற்றாவிட்டாலும் பொழுது விடிந்ததும் அது காற்றோடு போய்விடும். முப்பது வருஷம் கழித்து அவன் பேத்தி அதைத் திரும்பப் போட்டுப் பார்த்து, 'இதற்கா சிரித்தீர்கள்?' என்று கேட்க வழியில்லை. ஹாஸ்யம் என்ற கலைக்கு நரை திரை மூப்பு என்ற அவஸ்தைகள் வந்து சேர்ந்தது, அதை நாடாவில் பிடித்து வைத்த பிற்பாடுதான்.

அந்த நாடா எங்கள் பக்கம் வந்த விதம் வேடிக்கையானது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கும், சத்தியவேடு ஆந்திரத்துக்கும் கைமாறி எல்லைக் கோடு ஒருவாறு நிலைத்துவிட்டதே தவிர, வீடுகளில் பேச்சு மாறவில்லை. 1975 ஆகஸ்ட் 15ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு, எண்பதுகளில், அதன் அலை தேய்ந்து மாய்ந்து வந்து சேரும் கடைசி எல்லையாக எங்கள் பக்கத்து ஊர்கள் இருந்தன. ஒரு காலத்தில் சென்னைத் துறைக்கு வரும் கப்பல்காரர்களுக்கு அடையாளமாக இருந்த நகரி மூக்கு மலையின் அடிவாரத்தில், மாடிக்கு மாடி நெட்டையான இரும்புக் குழாயில் ஆன்டெனா நின்றது. மாமா மேலே குழாயைத் திருப்புவார், 'தெரியுதா?' என்பார், 'புள்ளி புள்ளியா வருது மாமா, இன்னும் கொஞ்சம்' என்று நாங்கள் கீழிருந்து கத்துவோம். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த படத்தில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வரும். சில நாள் சபா நாடகங்களும் வரும். எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் போன்றோரின் வாய்ச் சாதுரியத்தை ரசிக்காதவர் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்துச் சபா ஹாஸ்யத்தில் மனைவி என்பவள் சமையலைக் கெடுப்பவளாகவோ, புடவைக்கு அழுபவளாகவோ, அப்பா வீட்டுப் பெருமை பேசுபவளாகவோதான் பெரும்பாலும் வந்து போனாள். என் அவ்வா சிரித்தபடியே ஒரு நாள், 'சமைச்சவதான் கடைசியில சாப்பிடணும். அதை ஏன்டா ஒருத்தனும் நாடகம் போட மாட்டேங்கிறான்?' என்றாள். அதையும் ஒரு ஹாஸ்யமாகவே எடுத்துக்கொண்டு அப்போது சிரித்தோம்.

பிறகு கேபிள் வந்தது. 1993ல் சன், 1995ல் ஈடிவி. ஆன்டெனாக் குழாய்கள் கொடிக் கம்பங்களாயின. தெலுங்கில் ஜெமினி தொலைக்காட்சி 2001 முதல் 2007 வரை ஒளிபரப்பிய 'அம்ருதம்' என்ற தொடரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குண்ணம் கங்கராஜுவின் தயாரிப்பு. அம்ருதராவும் ஆஞ்சநேயலுவும் உயிர்ச் சிநேகிதர்கள். குறுக்கு வழியில் பணக்காரராகிவிடத் துடித்து வாரந்தோறும் ஒரு திட்டம் போட்டு வாரந்தோறும் மண்ணைக் கவ்வுகிறவர்கள். அவர்களுடைய மனைவிமார் சஞ்சீவனிக்கும் சாந்தாவுக்கும் கோபமும் உண்டு, புத்தியும் உண்டு. முந்நூறுக்கு மேற்பட்ட வாரங்களும் கேலிக்கு ஆளாகிறது பெரும்பாலும் புருஷர்களின் அசட்டுப் பேராசைதான். இன்றும் யூடியூபில் அதைப் போட்டால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து சிரிக்கிறது. அதில் வரும் பெரிய பெட்டித் தொலைக்காட்சியும் கம்பி சுருண்ட தொலைபேசியும் கிழடு தட்டிவிட்டனவே தவிர, ஹாஸ்யம் தட்டவில்லை.

2013 பிப்ரவரியில் ஈடிவியில் 'ஜபர்தஸ்த்' ஆரம்பமாயிற்று. குழுக் குழுவாக வந்து குட்டி நாடகம் போடுவது, மதிப்பெண் வாங்குவது, ஜெயிப்பது என்ற ஏற்பாடு. வியாழக்கிழமை இரவு தெலுங்கு நாடே அதன் முன் உட்கார்ந்தது என்று சொன்னால் பெரிய மிகையன்று. பட்டி தொட்டிகளிலிருந்து கிளம்பி வந்த எத்தனையோ ஏழைப் பையன்களுக்கு அது சோறு போட்டது. அவர்களில் பலருடைய சமயோசிதம் அசாத்தியமானது. நடுவராக அமர்ந்தவர்கள் இருவர்: ஒருவர் நாகபாபு, மற்றவர் ரோஜா. 1992ல் 'செம்பருத்தி' மூலம் தமிழர் வீடுகளுக்கு அறிமுகமான ரோஜா சித்தூர் மாவட்டத்துப் பெண். 2014லும் 2019லும் எங்கள் நகரித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 2022 ஏப்ரலில் மந்திரியானபோதுதான் அந்த நடுவர் ஆசனத்தை விட்டு இறங்கினார்.

அந்த மேடையில் மனைவி, மாமியார், கொழுந்தி, பக்கத்து வீட்டுக்காரி என்ற பாத்திரங்களில் பலவற்றையும் சேலை கட்டிய ஆண்களே நடித்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. சேலை கட்டிய ஆணைக் கண்டு முகம் சுளிக்கிறவன் திருப்பதிப் பக்கத்தில் பிறந்திருக்க முடியாது. என் சங்கடம் வேறு. அந்த 'மனைவி'யைக் கணவன் அறைகிறான், உதைக்கிறான், அவள் நிறத்தையும் பருமனையும் பழிக்கிறான், அவளுடைய நடத்தையைச் சந்தேகிக்கிறான். அடிபடுவது உண்மையில் ஓர் ஆண்பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதாலேயே, பெண் நடித்தால் கூசியிருக்கக்கூடிய அடிக்கும் வசைக்கும் அங்கே கூச்சமற்றுப் போகிறது. கீசகனுக்கு வைத்த பொறியாயிருந்த சேலை, கீசகனுக்கே வசதியான திரையாகிவிட்டது. கேமராவோ ஒவ்வொரு துணுக்கின் முடிவிலும் நடுவர் ஆசனத்தில் சிரிக்கும் பெண்ணின் முகத்துக்குத் திரும்பும். பெண்ணே சிரித்துவிட்டாள், பிறகென்ன என்ற அத்தாட்சி அது. சிரிப்பது அவருடைய உத்தியோகம். அதை வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டியது வேறொருவர் கை. தமிழில் விஜய் தொலைக்காட்சியின் 'சிரிச்சா போச்சு' பகுதியிலும் இதே சேலையைப் பார்த்திருக்கிறோம். நாம் யாரையும் குறை சொல்லும் உயரத்தில் இல்லை.

சீமையிலும் இந்த மூப்பு வராமலில்லை. அரைகுறை ஆடையணிந்த பெண்களைச் சுற்றியே பென்னி ஹில் நடத்திய நிகழ்ச்சி, உலகமெங்கும் ஓடிய பிறகு, 1989ல் அதைத் தயாரித்த நிறுவனத்தாலேயே நிறுத்தப்பட்டது. எங்கள் வீட்டில் நிறுத்தியது என் தம்பி மகள். பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு ஜபர்தஸ்த் துண்டைப் பார்த்து அவள் தகப்பன் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கையில், 'அந்த ஆள் ஏன் நாயனா அவளை அடிக்கிறான்?' என்று கேட்டாள். 'அது ஆம்பளைம்மா' என்றான் அவன். 'அடிக்கிறப்போ பொம்பளைதானே?' என்றாள் அவள். தம்பி ஒன்றும் பேசாமல் வேறு ஏதோ மாற்றினான்.

அதே 2013ல்தான், கங்கம்மா ஜாத்திரையைப் பல முறை வந்து தங்கிப் பார்த்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்க அறிஞர், உலகமே பெண்ணாகிறபோது என்று பொருள்படும் தலைப்பில் தம் ஆங்கில நூலை வெளியிட்டார். அந்த ஒரு வாரம் ஆண்கள்தான் மாற வேண்டியவர்கள். பெண்கள் மாறத் தேவையில்லை, அம்மனின் சக்தியில் ஏற்கெனவே அவர்களுக்குப் பங்குண்டு என்பது அவர் கண்டது. 2024 டிசம்பரில் 'புஷ்பா' படத்தின் இரண்டாம் பாகத்தில் அல்லு அர்ஜுன் நீலம் பூசிச் சேலை கட்டி ஆடியபோது தேசமே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கத்தாருக்கோ, தெருவில் காண்பதைத் திரையில் கண்ட திருப்தி.

ஒரு ஜாத்திரையில் தாதய்யகுண்டைச் சந்தில் நின்றிருந்தேன். அம்மை போட்டுப் பிழைத்த எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு, வேண்டுதலுக்காக அவன் தாய் தன் கல்யாணப் புடவையையே கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நீளம் தாளாமல் இரண்டாக மடித்து, கொசுவத்தைப் பல்லில் கவ்வி, இடுப்பில் செருகி, தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவன் கைக்கு மாற்றினாள். அவை பெரிதாயிருந்ததால் நழுவிக்கொண்டேயிருந்தன. பையன் வெட்கப்பட்டு என்னைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அவன் தகப்பன், சுமங்கலிக்குக் கொடுப்பதுபோல அவனுக்குத் தாம்பூலம் கொடுத்து, குனிந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.