தடுமாறித் தொடங்கிய வரலாறு: மன்னார்த் திருச்சபையின் ஆரம்ப காலம்

நூற்றாண்டு மலர்களில் தொடக்கத்தை அழகாக எழுதிவிடுவது வழக்கம். நல்ல மனம் படைத்த ஒருவர் வந்தார், வித்திட்டார், அது மரமாகி நிழல் தருகிறது என்று எழுதுவோம். எமது சங்கத்தின் நூறு வருடங்களைப் பற்றி இம்மலரில் மூத்த அக்காமாரும் ஆசிரியைகளும் எழுதுகிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடப் பழையதொரு தொடக்கம். மன்னார் மண்ணில் கிறிஸ்தவம் எப்படித் தொடங்கியது என்ற கதை அது.

சமய பாடத்தில் இதை நாம் நான்கு வரியில் படித்தோம். புனித சவேரியார் ஒரு குருவை அனுப்பினார். மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். சங்கிலி மன்னன் அவர்களை வெட்டுவித்தான். வேதசாட்சிகளின் இரத்தம் விசுவாசத்தின் வித்தாயிற்று. பரீட்சைக்கு இது போதுமாயிருந்தது. ஆனால் இந்த நான்கு வரிகளுக்கும் இடையில் நடந்தவை வேறு. அவற்றில் ஒழுங்கைவிடக் குழப்பமே அதிகம். அந்தக் குழப்பத்தை மறைக்காமல் சொன்னால்தான் கதையிலுள்ள நம்பிக்கை விளங்கும் என்பது எமது எண்ணம்.

அக்கரையில் நடந்தது

மன்னாரின் கதை அக்கரையில், தூத்துக்குடிக் கடலோரத்தில் ஆரம்பிக்கிறது. முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக அங்கிருந்த பரதவர்களுக்கும் அவர்களின் போட்டியாளர்களுக்கும் கடும் பகை மூண்டிருந்தது. பரதவர்கள் போர்த்துக்கேயரிடம் பாதுகாப்புத் தேடினார்கள். அதனோடு ஞானஸ்நானமும் வந்தது. 1536, 1537 அளவில் ஏறக்குறைய 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அவர்களுக்குப் போதிக்க எவரும் தங்கவில்லை. 1542இல் சவேரியார் வந்தபோது, தாம் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறெதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூரவர் சிலரின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் தமிழில் ஆக்குவித்து, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். தாம் இல்லாத ஊர்களில் செபம் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைமாரை நியமித்தார். பாதுகாப்புக்காகப் பெற்ற ஞானஸ்நானம், அரைகுறைத் தமிழ், பிள்ளைகளின் வாய்ப்பாடம் என்று அப்படித்தான் அந்தச் சபை எழும்பியது.

எமக்கும் அந்தக் கரைக்கும் இடையில் இருப்பது ஒடுங்கிய கடல். முத்துப் பார்களில் இரு கரையாரின் தோணிகளும் சந்தித்தன. அங்கே நடந்தது இங்கே தெரியவர நாட்செல்லவில்லை.

வரமுடியாமற் போனவர்

1544இல் மன்னார் மக்கள் சவேரியாருக்கு ஆள் அனுப்பி, வந்து தங்களுக்கு ஞானஸ்நானம் தரும்படி கேட்டார்கள். அவர் வரவில்லை. திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர் ஊர்களில் அவருக்கு வேலை குவிந்திருந்தது. ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதுகிறார். எனவே தமக்குப் பதிலாக ஒரு குருவானவரை மன்னாருக்கு அனுப்பினார். 1545 ஜனவரி 27ஆம் திகதி கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லும்போது, அந்தக் குருவின் பெயரைக்கூட அவர் குறிப்பிடவில்லை.

பெரியவரை அழைத்தவர்களுக்கு அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். அவரிடமே அவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதன்பின் சில காலத்துக்குள் யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலியின் படை தீவுக்கு வந்தது. மறுதலிக்க மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சபை மரபில் 600 என்றும் 700 என்றும் எண்ணிக்கை சொல்லப்படுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் மன்னாரில் கிறிஸ்தவர்களான 600 பேரைச் சங்கிலி வெட்டுவித்ததாகக் கூறுகிறது. கிறிஸ்தவரல்லாத ஒரு நூலும் இதைப் பதிந்து வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

மன்னனின் பக்கத்தையும் பார்ப்பது நியாயம். முந்திய வருடம், 1543இல், ஆளுநர் மார்ட்டின் அல்போன்சோ த சூசாவின் கப்பற்படை வந்து அவனைத் திறை கொடுக்கச் சம்மதிக்க வைத்திருந்தது. மன்னார் முத்து வருமானம் தரும் இடம். இங்குள்ள குடிகள் போர்த்துக்கேயரின் சமயத்தில் சேர்ந்தால் அடுத்து போர்த்துக்கேயரின் குடிகளாகவே ஆகிவிடுவார்கள் என்று அவன் கருதினான். அக்கரையில் நடந்ததைப் பார்த்த எந்த அரசனும் அப்படித்தான் கருதியிருப்பான். அவன் செய்த கொலைக்கு இது நியாயமாகாது. ஆனால், நல்லவர்களும் தீயவர்களும் மட்டுமே உள்ள கதையாக இதைச் சொல்ல முடியாது.

இறந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? சிலுவை அடையாளமும் சில செபங்களும் தெரிந்திருக்கலாம். திருவிவிலியம் தமிழில் இல்லை. கோயில் இல்லை. பெரும்பாலானோரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. தோட்டவெளியில் அவர்கள் நினைவாக எழுந்துள்ள ஆலயத்தில் நாம் முழந்தாளிடும்போது, மறையறிவில் எம்மைவிட மிகக் குறைந்தவர்களின் முன்னால் முழந்தாளிடுகிறோம் என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

நடக்காத படையெடுப்பு

அடுத்து நடந்தது எமது பாடப்புத்தகங்களில் இல்லாதது. செய்தி கேட்ட சவேரியார் செபம் செய்ததோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாண மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்பும்படி போர்த்துக்கேய அதிகாரிகளிடம் கேட்டார். ஆளுநரும் இணங்கினார். படை திரளவிருந்த நாகபட்டினத்துக்கு 1545இல் சவேரியார் தாமே போய்க் காத்திருந்தார்.

படை புறப்படவேயில்லை. பெகு நாட்டிலிருந்து வந்த போர்த்துக்கேய அரசின் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கி, அதிலிருந்த பொருட்கள் மன்னன் கைக்குப் போயிருந்தன. அந்தப் பொருட்களை மீட்க வேண்டுமானால் மன்னனோடு பகைக்கக் கூடாது. மன்னாரில் செத்தவர்களைவிடக் கப்பற் சரக்கு கனத்தது. சவேரியார் மனம் நொந்து மயிலாப்பூருக்குப் போய்ச் சாந்தோமில் சில மாதம் தங்கினார். பின்னர் மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

படை வந்திருந்தால் எமது சபையின் முதல் ஆண்டு பழிவாங்கலோடு முடிந்திருக்கும். வராததற்குக் காரணம் இரக்கம் அல்ல, பேராசை. ஒரு புனிதரின் கோபமும் வியாபாரிகளின் கணக்கும் கலந்துகிடக்கும் இந்த இடத்தில் கடவுளின் கையைக் காண்பது எளிதல்ல. அவசரப்பட்டு “எல்லாம் அவர் சித்தம்” என்று சொல்லிவிடாமல் இருப்பதே மரியாதை என்று நினைக்கிறோம்.

கோட்டையும் காடும்

பதினைந்து வருடம் கழித்து, 1560இல், அரசப் பிரதிநிதி கொன்ஸ்தாந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்தார். அங்கே காலூன்ற முடியாமல் திரும்பியவர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டுவித்தார். மதுரை நாயக்கரின் ஆட்களால் தொல்லைப்பட்ட புன்னைக்காயல் பரதவர்கள் பலர் இங்கே குடியேற்றப்பட்டார்கள். இரண்டாவது தொடக்கமும் ஒரு தோல்வியின் மிச்சமாகவே வந்தது.

அந்தக் காலத்தில் இங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் அன்றிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் என்றிக்கே என்றிக்கஸ். யூத வம்சத்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் நிலைக்க முடியாமற்போய், இயேசு சபையில் சேர்ந்தவர் அவர். ஒதுக்கப்பட்ட அந்த மனிதரே தமிழை ஆழக் கற்று, 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான “தம்பிரான் வணக்கம்” நூலைத் தந்தவர். இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது.

1658இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். அவர்களுக்கு இடங்கொடுப்பது குற்றமாயிற்று. 1670 அளவில் மாந்தை ஆலயத்து மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு இருபது குடும்பங்கள் வரையில் காட்டுக்குள் போனதாக மரபு கூறுகிறது. இன்று பல்லாயிரம் பேர் யாத்திரை போகும் மருதமடு அப்படித்தான் உண்டாயிற்று. பாதுகாப்பாக எழும்பிய கோட்டை இன்று பாழடைந்து நிற்கிறது. ஓடிப்போனவர்கள் காட்டில் அமைத்த ஒதுக்கிடம் நிலைத்தது.

நோயாளியாக வந்த குரு

ஏறக்குறைய முப்பது வருடம் குருமார் இல்லாத காலம். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள் மூப்பர்மாரும் வீட்டிலிருந்த பெண்களும்தான். 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் கூலியாளின் வேடத்தில் வந்து சேர்ந்தார். வரும்போதே கடும் வயிற்றுளைவு. கடற்பயணத்தின் பசியும் அழுக்கும் அவரைக் கிடையில் போட்டுவிட்டன. வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். சேலைனும் மருந்தும் இல்லாத காலத்தில் அது பலரைக் கொண்டுபோன நோய். ஊரைத் தேற்ற வந்தவரை ஊரவரே கஞ்சி கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது. தேறியபின் இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மருதமடுவுக்கும் வந்தது எம்மில் பலருக்கு நேரில் கண்ட நினைவு.

நம்பிக்கை என்பது எது?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், கெட்ட தொடக்கம் நல்ல முடிவைத் தந்தே தீரும் என்று சொல்ல முடியுமா? முடியாது. 1544இல் இறந்தவர்கள் எந்த நல்ல முடிவையும் காணவில்லை. எமது தலைமுறைக்கு இது நன்றாகப் புரியும். 1990 யூனில் மீண்டும் யுத்தம் மூண்டபோது எம்மில் பலர் மருதமடு மரங்களின் கீழும், படகேறி இராமேஸ்வரம் கரையிலும் போய் விழுந்தோம். அதே வருடம் ஒக்டோபரில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்த முஸ்லிம் தோழிகள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் சில நாட்களுக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் வளர்ந்த அவர்களின் பிள்ளைகள் பலர் இன்னும் திரும்பவில்லை. “எல்லாம் நன்மைக்கே” என்று அவர்களிடம் சொல்ல எமக்கு வாயில்லை.

குறைமாதத்தில், ஒரு கிலோ எடையில் பிள்ளை பிறக்கும்போது, தாயிடம் நாம் “பயப்படாதீங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்” என்று உறுதி சொல்வதில்லை. அது எமக்குத் தெரியாது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துச் சூடாக வைத்திருங்கோ, பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கோ, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நாங்கள் வந்து பார்ப்போம் என்கிறோம். அந்தத் தாய் பிள்ளையைக் கீழே வைப்பதில்லை. நம்பிக்கை என்ற சொல்லுக்கு நாம் கண்ட பொருள் அதுதான். முடிவு தெரியாமலே, கையிலிருக்கும் உயிரை விடாமல் வைத்திருப்பது. மன்னார்த் திருச்சபையின் வரலாற்றிலும் இதைத்தான் காண்கிறோம். மன்னர்களும் ஆளுநர்களும் போட்ட திட்டங்கள் எல்லாம் பிசகின. ஒரு செபத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த தாயும், ஒரு சொரூபத்தைச் சுமந்து நடந்த குடும்பமும், ஒரு நோயாளிக்குக் கஞ்சி வார்த்த கையும் பிசகவில்லை.

புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வம்சவரலாற்றோடு தொடங்குகிறார். அதில் தாமார், இராகாப், ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்களைச் சேர்க்கிறார். ஏமாற்றப்பட்டவள், விலைமகள், அந்நியப் பெண், அரசனின் பாவத்துக்கு இரையானவள். குடும்பத்தின் பெருமைக்காக மறைத்துவிடக் கூடிய பெயர்கள் இவை. அவர் மறைக்கவில்லை. இயேசு பிறந்தது இந்தக் குடும்பத்தில்தான் என்று முதற் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

எமது தொடக்கத்தையும் அப்படியே சொல்ல வேண்டும். அதற்கு இன்று ஒரு அவசரமும் உண்டு. 2019 மார்ச்சில் சிவராத்திரிக்கு முதல்நாள், மாந்தையில் திருக்கேதீச்சர வீதியின் வளைவு உடைக்கப்பட்டு, இந்துக்களுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் உண்டான மனக்கசப்பு எமக்குத் தெரியும். வேதசாட்சிகளின் கதையை அயலவர் மேல் வைக்கும் பழைய வழக்காக நாம் சொல்லத் தொடங்கினால், அவர்களின் சாவை இன்னொரு நாகபட்டினப் படைக்கு முரசாக்குகிறோம். 1545இல் அந்தப் படை புறப்படவில்லை. இன்று எமது வாயிலிருந்தும் அது புறப்படக் கூடாது.

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தில் கத்தோலிக்கரும் இந்துக்களும் இஸ்லாமியரும் அங்கத்தவர்கள். இனி வரும் தங்கைகளுக்கு இந்த மண்ணின் கதையைச் சொல்லும்போது, அனுப்பப்பட்ட பெயர் தெரியாத குருவையும், அரைகுறையாகக் கற்றும் அசையாமல் நின்ற மக்களையும், கோபப்பட்ட புனிதரையும், அஞ்சிய அரசனையும் சேர்த்தே சொல்வோம். அடுத்த நூறு வருடமும் ஒழுங்காகவா தொடங்கும் என்று எமக்குத் தெரியாது. பிடித்திருப்பதை விடாமல் பிடித்திருக்க இறைவன் எம் எல்லாருக்கும் அருள் தருவாராக.