கொலையாளியின் முகத்தை முதலிலேயே காட்டிய படம்... பலரும் கவனிக்காதது ஏன்? 'டீப் ரெட்' பற்றி தெரியுமா?

கொலையாளி யார் என்பதை கிளைமாக்ஸ் வரை மறைத்து வைப்பதுதான் மர்டர் மிஸ்டரி படங்களின் வழக்கம். ஆனால், 1975-ல் வெளியான ஒரு இத்தாலியப் படம், முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கொலையாளியின் முகத்தைத் திரையில் காட்டிவிடுகிறது. முதல் முறை பார்ப்பவர்களில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. டாரியோ அர்ஜென்டோ இயக்கிய அந்தப் படம்தான் 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ', அதாவது 'டீப் ரெட்'.

கதை என்ன?

மற்றவர்களின் மனதில் ஓடுவதை உணரும் சக்தி கொண்ட ஹெல்கா, ஒரு மேடை நிகழ்ச்சியில் திடீரென அலறுகிறார். அரங்கில் இருக்கும் ஒருவர் ஏற்கெனவே கொலை செய்தவர், மீண்டும் செய்வார் என்கிறார். அன்று இரவே அவர் கொல்லப்படுகிறார். தெருவில் நின்று அதைப் பார்க்கும் பியானோ கலைஞர் மார்க், மாடிக்கு ஓடுகிறார். வரிசையாக ஓவியங்கள் மாட்டிய நடைபாதையைக் கடந்துதான் உள்ளே போகிறார். பிறகு அவருக்கு ஒரு குழப்பம். அங்கே பார்த்த ஒரு ஓவியத்தைக் காணோமே?

அந்தக் காட்சியில் என்ன இருக்கு?

மார்க் நடைபாதையைக் கடக்கும் அந்த சில நொடிகளில்தான் கொலையாளியின் முகம் வருகிறது. மார்க் பார்த்ததை ரசிகர்களும் பார்க்கிறார்கள். அவரைப் போலவே தவறவிடுகிறார்கள். 'கண்ணால பார்த்தேன்' என்ற சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் படம் கேட்கும் கேள்வி.

மார்க்காக நடித்தவர் டேவிட் ஹெம்மிங்ஸ். 1966-ல் வந்த 'ப்ளோ-அப்' படத்தில், தன் கேமராவில் ஒரு கொலை பதிவாகிவிட்டதோ என்று தேடும் போட்டோகிராபராக நடித்ததும் இவரே.

'ஜல்லோ' என்றால் என்ன?

இத்தாலிய மொழியில் 'ஜல்லோ' என்றால் மஞ்சள். 1929 முதல் மொண்டடோரி பதிப்பகம் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் வெளியிட்டது. நாளடைவில் அந்த நிறமே கிரைம் கதைகளுக்குப் பெயரானது. சினிமாவில் இந்த வகையை 1960-களில் தொடங்கி வைத்தவர் மரியோ பாவா. 1970-ல் தன் முதல் படத்தின் மூலம் அதைப் பெரிய அளவில் பிரபலமாக்கியவர் அர்ஜென்டோ. தோல் கையுறை அணிந்த கொலையாளி இவ்வகைப் படங்களின் முத்திரை. 'டீப் ரெட்'டில் குளோசப்பில் வரும் அந்தக் கைகள், வேறு யாருடையதும் இல்லை, இயக்குநர் அர்ஜென்டோவுடையதுதான்!

இத்தாலியில் ஹிட்... அமெரிக்காவில்?

ஜாஸ் கலைஞர் ஜார்ஜியோ காஸ்லினியின் இசையில் அர்ஜென்டோவுக்கு முழு திருப்தி இல்லை. அதனால் 'காப்ளின்' என்ற இளம் ராக் குழு அழைக்கப்பட்டது. படம் ஓடியதோடு, அதன் இசைத்தட்டும் இத்தாலியில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. சுமார் 20 நிமிடங்கள் வெட்டப்பட்டு 1976-ல் அங்கே ரிலீஸ் ஆனது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் வின்சென்ட் கேன்பி, படத்தையும் இயக்குநரின் திறமையையும் கடுமையாகச் சாடினார். வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி ரத்தக் காட்சிகள் இல்லை; மார்க்கும் நிருபர் ஜியானாவும் வரும் காமெடி, காதல் காட்சிகள். கொலைகளுக்கு நடுவே மூச்சுவிட இருந்த இடமே போய்விட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு முழு வடிவம் கிடைத்தபோதுதான், ஜல்லோ படங்களின் உச்சம் என்ற பெயர் வெளிநாடுகளிலும் நிலைத்தது.

இப்போது பார்க்கப் போறீங்களா?

முழு நீளப் பதிப்பு 2 மணி நேரத்துக்கும் சற்று அதிகம். அதை ஆங்கில டப்பிங்கில் பார்த்தால், சில காட்சிகளில் திடீரென இத்தாலிய வசனம் வரும். அது கோளாறு இல்லை. அமெரிக்காவில் வெட்டப்பட்ட பகுதிகளுக்கு ஆங்கில ஆடியோ இல்லாததே காரணம். ஹெல்காவின் வீட்டுக்குள் மார்க் ஓடும்போது மட்டும் போனிலிருந்து கண்ணை எடுக்காதீங்க. விடை அங்கேதான் இருக்கு.