ரொம்ப

போன வாரம் பேரன் பாயசத்தைக் குடித்துவிட்டு, "பாட்டி, பயங்கரமா இருக்கு" என்றான். என் மனைவி பதறிப்போய், "ஏன்டா, உப்பு கிப்பு விழுந்துடுச்சா?" என்று டம்ளரை வாங்கிப் பார்த்தாள்.

பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆங்கிலேயனும் அச்சத்துக்கு வைத்திருந்த சொல்லை 'டெரிபிளி' என்று ஆக்கி, 'மிகவும்' என்ற இடத்தில் புழங்குகிறான். நாம் படித்த 'வெரி'யே பிரெஞ்சிலிருந்து வந்தபோது 'உண்மையான' என்றுதான் பொருள்பட்டது.

நம்மிடம் இதற்குப் பழைய சரக்கு ஏராளம். தொல்காப்பியர் உறு, தவ, நனி என மூன்றைச் சொன்னார். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். பிரம்புக்குப் பயந்து ஒப்பித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். இன்று 'தவ' பேச்சில் இல்லை. 'நனி' மேடையோடு சரி. 'உறு' உறுதுணையில் ஒளிந்திருக்கிறது. 'சால' நம்மிடம் 'சாலச் சிறந்தது' என்பதோடு நின்றுவிட்டது. தெலுங்கில் இன்றும் 'சாலா' இல்லாமல் பேச்சே ஓடாது. வடமொழியிலிருந்து 'வெகு' வந்தது, உருது வழியாக 'ஜாஸ்தி' வந்தது. கடைசியில் ஜெயித்தது 'ரொம்ப'தான். 'நிரம்ப' தேய்ந்து வந்த சொல். குடம் நிரம்ப, வயிறு நிரம்ப என்று கண்ணால் பார்த்த அளவு அதில் இருக்கிறது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் 'வெரி' வேறு, தாங்க முடியாத அளவைச் சொல்லும் 'டூ' வேறு. நமக்கு இரண்டும் 'ரொம்ப'. மூட்டை ரொம்ப கனம் என்றால் தூக்கலாமா, கூடாதா? சொல்பவர் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் வாத்தியாராக இருந்தபோது இந்த வித்தியாசத்தைத்தான் ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "அம்மாவுக்கு முடியலை சார், வீட்டுக்குப் போகணும்" என்றான். "ரொம்பவா?" என்றேன். அவன் பேசாமல் நின்றான். அப்படியானால் சாதாரணக் காய்ச்சல்தான் என்று நானே முடிவு செய்து, மத்தியானம் வரை உட்கார வைத்தேன்.

சாயங்காலம் அந்த அம்மாளைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு மலையிறங்கிப் போனதைப் பார்த்தேன். தெய்வாதீனமாகப் பிழைத்து வந்தாள். பிறகு பையனிடம், "ரொம்ப முடியலைன்னு சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்று கேட்டேன்.

"முடியலைன்னுதானே சார் சொன்னேன்" என்றான்.