மின்சார ரெயிலும் ஏரி நிலமும்

நம் சங்கத்து அன்பர் பலர், ஊரிலுள்ள காணியை விற்றும், பெண்டிர் நகையை ஈடுவைத்தும், சென்னையைச் சூழ்ந்த புறநகர்களில் வீடு வாங்க முற்பட்டிருக்கின்றனர். மாதக் கூட்டம் கலைந்தபின் அவர்கள் எம்மை அணுகி வினவுவன இரண்டு: “எந்த ஊர் நல்லது ஐயா? ரெயில் நிலையம் எவ்வளவு தூரம்?” இவற்றுள் பின்னையதற்கு விடை கூறுதல் எளிது; நடந்து பார்த்தாற் போதும். முன்னையது அவ்வாறன்று. அது சரித்திரம் பற்றிய வினா. அது பற்றியே சில கூறத் துணிந்தோம்.

சென்னைக் கடற்கரை நிலையத்தினின்று தாம்பரம் வரையுள்ள சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர் பாதையில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதனைத் தொடங்கிவைத்தார். மே 11-ஆம் நாள் முதல் மக்கள் ஏறிச் செல்வாராயினர். அது மீட்டர் பாதை. பின்னர் அகலப் பாதை அமைந்து, 2004-ஆம் ஆண்டில் பழைய வண்டிகள் ஓய்ந்தன. கோட்டையிலும் பாரிமுனையிலும் எழுத்து வேலை பார்ப்பவர், அங்கேயே ஒண்டுக்குடியிருந்து வாடகை கொடுத்து இளைக்க வேண்டுவதில்லை; பரங்கிமலைக்கு அப்பால் ஓர் ஓட்டு வீடு கட்டிக்கொண்டு, காலையிற் சென்று மாலையில் மீளலாம் என்னும் நிலை அவ்வண்டியாலேயே ஏற்பட்டது. சென்னையிற் புறநகர் வாழ்க்கை பல்கிப் பரவியது அப்பொழுதே எனலாம்.

ஆயினும், அதற்குச் சில ஆண்டு முன்னரே மற்றொரு காரியம் நிகழ்ந்தது. 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் துணையாகக் கொண்டு, மயிலாப்பூர் நெடிய ஏரியைத் தூர்த்துப் புது நகர் ஒன்று வகுத்தனர். அதுவே தியாகராய நகர். நுங்கம்பாக்கத்து ஏரியும் இதனோடு தொடர்ந்து கிடந்தது. வெள்ளைக்காரர் படகுப் பந்தயம் விட்ட பெருநீர்ப் பரப்பு, இருபது முப்பது ஆண்டிற்குள் தெருவும் பூங்காவும் கடைவீதியும் ஆயிற்று. இன்று அவ்வேரியைக் காண விரும்புவோர் பெயர்ப்பலகைகளிலேதான் காணல் வேண்டும். மேலை மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ உண்டு. அதில் நின்று நோக்கினால் லேக்கு எதுவும் புலப்படாது. நுங்கம்பாக்கத்தில் ‘டாங்க் பண்ட் ரோடு’ உண்டு. ஏரி போயிற்று, கரையின் பெயர் மட்டும் எஞ்சியது. ஆனால் நீர் தன் இடத்தை மறந்துவிடவில்லை. 2021-ஆம் ஆண்டு நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் முழங்காலளவு நீர் நின்றதை நம்மிற் பலர் கண்டுள்ளோம்.

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. இம்மண்டலத்தில் வற்றாத ஆறு இன்மையின், நம் முன்னோர் பெய்த மழையைப் படிப்படியாகத் தேக்கினர். மேலேரியின் கலங்கல் வழிந்தால் கீழேரி நிரம்பும். அது வழிந்தால் அதற்கடுத்தது நிரம்பும். கடைசியில் ஆறோ சதுப்போ கடலோ ஏற்றுக்கொள்ளும். உத்தரமேரூர்ச் சாசனத்தில் முதற் பராந்தகன் காலத்தே ஏரி வாரியத்திற்குக் குடவோலை முறையில் ஆள் தெரிந்தெடுத்த செய்தியைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஏரியைக் காப்பது ஊரைக் காப்பதற்கு ஒப்பாக மதிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்நீர்நிலைகளின் அடையாளம் ஊர்ப்பெயர்களிற் பதிந்து கிடக்கின்றது. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946-இல் வெளியிட்ட ‘ஊரும் பேரும்’ என்னும் நூலை வீடு வாங்குவோர் கையில் கொடுக்க வேண்டும் என்று யாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. ஏந்தல் என்பதும் அத்தகையதே. பழவந்தாங்கல் நிலையத்தில் நாள்தோறும் இறங்குவோருள் எத்தனை பேர் அப்பெயரின் ஈற்றுச் சொல்லை நினைக்கின்றனர்? பல்லாவரத்திற்கு மேற்கே திருநீர்மலை இருக்கின்றது. திருமங்கையாழ்வார் அங்கு வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததென்றும், அது வடியுமளவும் காத்திருந்து பின்னரே பெருமாளைச் சேவித்தாரென்றும் தலவரலாறு கூறும். அம்மலையருகே அடையாறு ஓடுதலின், அக்கதையில் நிலவியல் உண்மையும் கலந்திருத்தல் தெளிவு.

மேடான இடமும் பெயராலும் வரலாற்றாலும் விளங்கும். பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்பார் 1863-ஆம் ஆண்டில் பழைய கற்கால மக்களின் கற்கருவியைக் கண்டெடுத்தார். ஆங்கே மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலும் உளது. தாம்பரத்தில் 1928-இல் காச நோயாளர்க்கு மருத்துவமனை அமைந்ததும், 1937-இல் கிறித்தவக் கல்லூரி நகரினின்று காட்டுப் பாங்கான இடத்திற்குக் குடிபெயர்ந்ததும் நோக்கத்தக்கன. நல்ல காற்றும் வடிந்த நிலமும் பார்த்துத்தான் அறிந்தோர் இடம் தேர்ந்தனர்.

இத்துணையும் கற்ற யாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. 2012-ஆம் ஆண்டில், மேலைத் தாம்பரத்திற்கப்பால் ஒரு ‘நகரில்’ வீடு வாங்கினோம். இங்கு ஒன்று இடைமறித்துக் கூறுவோம்: ‘நகர்’, ‘கார்டன்’, ‘அவென்யூ’ என்னும் புதுப்பெயர்கள் பழைய பெயர்களுக்குப் போர்த்த போர்வை. விற்றவர் நிலையத்தின் தொலைவைக் கூறினார். பள்ளியின் தொலைவைக் கூறினார். நிலத்தின் பழம்பெயரை அவர் கூறவுமில்லை, யாம் கேட்கவுமில்லை. மனைவியார் மட்டும், “பக்கத்து மனையில் கோரை முளைத்திருக்கிறதே” என்றார். தமிழ்ப் பண்டிதராகிய யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் பெய்யத் தொடங்கிய மழை, மறுநாட் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் ஆயிற்று. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீர் அடையாற்றிற் பெருகி, முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்தது. எம் இல்லத்தில் இடுப்பளவு நீர். மூன்று பீரோ நிறைந்த புத்தகங்கள், தந்தையார் எழுதி வைத்த குறிப்பேடுகள் உட்பட, கூழாயின. மாமியாரைக் கட்டிலோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனவர் எதிர்வீட்டு இளைஞர். அவர் பெயரையும் அதுகாறும் யாம் அறிந்திலோம். நீர் வடிந்த நான்காம் நாள், அவ்வூர்ப் பழங்குடிக் கிழவர் ஒருவர் வந்து வாயிலில் நின்று, “இது கலங்கல் தண்ணி போற வழி வாத்தியாரே. எங்க அப்பா காலத்துல இங்க யாரும் குடிசைகூடப் போடமாட்டாங்க” என்றார். மூன்றாண்டாக அவர் எம் தெரு வழியே பால் கொண்டுவந்தவர். ஒரு நாளும் யாம் கேட்டதில்லை.

ஆதலின், வினவும் அன்பர்க்கு இப்பொழுது யாம் சொல்வது இதுவே. வில்லங்கச் சான்று நிலத்தின்மேற் பதிவான வில்லங்கம் உண்டா என்பதைக் காட்டுமேயன்றி, நீர் நிற்குமா என்பதைக் காட்டாது. புல எண்ணைக் கொண்டு பழைய கிராமப் படத்தைப் பாருங்கள். நத்தம் என்று குறித்த இடம் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருந்த மேடு. வாய்க்கால், ஏரி உள்வாய் என்று குறித்தவற்றை அடுத்த மனையாயின், பத்திரம் எத்துணைத் தூயதாயினும் தயங்குக. வேளச்சேரிக்கு 2007-இல் பறக்கும் ரெயில் வந்தது. அதனால் நிலத்தின் விலை ஏறிற்று, நிலம் ஏறவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. மறு ஆண்டு டிசம்பர்ப் புயல் மழையில் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகள் நீரில் நின்றன.

சென்ற மாதம் எம் ஒன்றுவிட்ட தமையனார் மகன், மனைவி மக்களோடு வந்து, பெருங்களத்தூருக்குக் கிழக்கே ஒரு வீடு பார்க்க எம்மையும் அழைத்துச் சென்றார். வீடு அழகியது, கிணற்று நீரும் இனியது. யாம் வீட்டைப் பாராது, தெருமுனைத் தேநீர்க் கடையில் அமர்ந்து, அங்கிருந்த முதியோர் இருவரிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைக்குச் சிறிது வெட்கம். ஆயினும், ஐப்பசி கார்த்திகை மழை பெய்து ஓயும்வரை முன்பணம் கொடுப்பதில்லை என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.